அருங்காட்சியகத்தில் ஆறாம் வகுப்பு

தமிழ்நாட்டில் 2018இல் வந்த ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் குடிமையியலின் முதல் பாடம் ‘பன்முகத் தன்மையினை அறிவோம்’ என்பது. வி.ஏ. ஸ்மித் என்கிற வரலாற்றாசிரியர் இந்தியாவை ‘இனங்களின் அருங்காட்சியகம்’ என்று அழைத்தார் என்ற செய்தி அதில் இருக்கிறது. பதினோரு வயசுப் பிள்ளை இதை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறது. வளர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது மறுபடியும் அதே கேள்வி, அதே விடை. ஸ்மித் யார்? ஐ.சி.எஸ். அதிகாரியாக இங்கே வேலை பார்த்து, பிறகு இந்தியாவுக்கு வரலாறு எழுதியவர். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களை எண்ணி, பிரித்து, பெயர்ச்சீட்டு ஒட்டுகிற ஆட்சியாளர் பார்வை அது. பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதையே நாம் ஒரு பெருமையாகச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறோம்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் உலகப் பார்வையையும் பண்பாட்டுப் பன்மையையும் கொண்டுவர வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். யுனெஸ்கோ 1974இல் பன்னாட்டுப் புரிதலுக்கான கல்வி பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றது. 2023இல் அதைத் திருத்தி எழுதியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் உலகக் குடியுரிமை என்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் தனியார் பள்ளியின் விளம்பரப் பலகையும் அதையேதான் சொல்கிறது. ஒரே சொல்லை இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. பன்மை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே யாரும் சண்டை போடவில்லை. எந்தப் பன்மை, யார் நின்ற இடத்திலிருந்து பார்க்கிற உலகம் என்பதுதான் கேள்வி.

1

அருங்காட்சியகம் என்ன செய்கிறது? பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கிறது. அதைச் செய்த கை, பயன்படுத்திய ஆள், பறித்துக்கொண்டு வந்தவன் எல்லாரையும் மறைத்து, பொருளை மட்டும் வெளிச்சத்தில் வைக்கிறது. பக்கத்துப் பெட்டியில் இருக்கும் பொருளோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. வாளும் கேடயமும் தனித்தனியே அழகாக இருக்கும். யார் வெட்டினான், யார் வெட்டுப்பட்டான் என்பது தெரியாது.

நம் பாடநூல்களின் பன்மைச் சொல்லாடல் இப்படித்தான் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. மாநிலம், மொழி, உடை, உணவு, நடனம், திருவிழா என்று ஓர் அட்டவணை. பஞ்சாபுக்கு பாங்க்ரா, அசாமுக்கு பிஹு, நமக்குப் பரதநாட்டியம். நமக்கு ஏன் பறையாட்டம் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அட்டவணை ஆட்டம் கண்டுவிடும். வேறுபாடு என்பது ஒன்று. பாகுபாடு என்பது மற்றொன்று. ஒருத்தர் கம்பங்கூழ் குடிப்பதும் இன்னொருத்தர் இட்லி சாப்பிடுவதும் வேறுபாடு. மாட்டுக்கறி சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளை தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவது பாகுபாடு. முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்து இரண்டாவதை மௌனமாக விட்டுவிடும் கல்வி, அந்தப் பிள்ளையின் மூடியை இன்னும் இறுக்கமாக மூடச் சொல்கிறது.

பாடநூலுக்கு வெளியே வகுப்பறையில் வேறொரு பன்மை நடந்துகொண்டிருக்கிறது. தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. 2019இலேயே இதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது, சர்ச்சையானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவன் பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், கயிறு முதலான அடையாளங்களைத் தடை செய்ய வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. வெட்டியவர்களும் ஆறாம் வகுப்பில் வேற்றுமையில் ஒற்றுமை படித்துத் தேறி வந்தவர்களாகத்தானே இருக்க வேண்டும்? பன்மைப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்குவதற்கும் பக்கத்து பெஞ்சுக்காரனை மனுசனாக மதிப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபடி நாம் அந்தப் பாடத்தை வைத்திருக்கிறோம்.

2

இதை வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். எழுதியும் இருக்கிறார்கள்.

2006இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆறாம் வகுப்பு ‘சமூக, அரசியல் வாழ்க்கை’ நூல் பன்மையைப் பேச லடாக்கையும் கேரளத்தையும் எடுத்துக்கொண்டது. ஒன்று மழையே இல்லாத மலைப் பாலைவனம், மற்றொன்று கடலும் மழையும் உள்ள பசுமை. ஏன் ஒரு இடத்தில் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றார்கள், ஏன் இன்னொரு இடத்துக்கு மிளகு தேடி அரபியரும் யூதரும் போர்ச்சுகீசியரும் வந்தார்கள் என்று அது விளக்கியது. லடாக் வழியாகத் திபெத்துக்கு வணிகப் பாதை. கேரளத்தில் சீன வலையும் சீனச்சட்டியும். பன்மை வானத்திலிருந்து விழுந்த வரம் என்றில்லாமல் நிலத்தாலும் வணிகத்தாலும் மனிதர்களின் நடமாட்டத்தாலும் உண்டானது என்று பிள்ளைக்குப் புரிகிறது. அதற்கு அடுத்த பாடமே ‘பன்மையும் பாகுபாடும்’. அதில் 1901இல் ஒன்பது வயதுச் சிறுவனாக அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் போகும் வழியில் ரயில் நிலையத்தில் இறங்கியதும், மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததும் இருந்தது. பன்மையும் பாகுபாடும் பக்கத்துப் பக்கத்துப் பாடங்கள். முதல் பாடத்தில் மகிழ்ந்த பிள்ளை இரண்டாம் பாடத்தில் சங்கடப்பட்டாக வேண்டும். அந்தச் சங்கடம்தான் கல்வி.

2024இல் அந்த நூலின் இடத்துக்கு வேறொரு நூல் வந்தது. அதில் பன்மைக்கான பாடத்தின் தலைப்பே ‘வேற்றுமையில் ஒற்றுமை, அல்லது ஒன்றினுள் பல’ என்ற பொருளில் அமைந்திருக்கிறது. தானியங்கள், சேலை, ஒரே சமயத்தில் வெவ்வேறு பெயர்களில் வரும் அறுவடைத் திருநாள், பஞ்சதந்திரம், இரு இதிகாசங்கள் என்று போகிறது பாடம். அம்பேத்கரின் அந்த ரயில் பயணம் இல்லை. ‘பல’ என்பது எப்போதும் ஏற்கனவே இருக்கும் ‘ஒன்று’க்குள்தான் என்று தலைப்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. சேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மேலுடுத்த உரிமை கேட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நடத்திய போராட்டத்தை அந்தச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை கலைந்துவிடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மாநில நூலில் அருங்காட்சியகப் பாடத்துக்கு அடுத்து ‘சமத்துவம் பெறுதல்’ இருக்கிறது. பாகுபாட்டைப் பெயர் சொல்லியே பேசுகிறது. ஆனால் தடைகளைத் தாண்டிச் சாதித்தவர்களின் படங்களையும் வரிசையாக வைக்கிறது. தடையை வைத்தவர்கள் யார் என்ற கேள்வியை, தாண்டியவர்களின் புகைப்படம் மறைத்துக்கொள்கிறது.

3

ஜேம்ஸ் பேங்க்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் 1980களின் பிற்பகுதியில் பாடத்திட்டத்தில் பண்பாட்டுப் பன்மை நுழையும் விதங்களை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். நம் நிலைமையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

முதல் படியில் வீரர்களும் விழாக்களும் மட்டும். அம்பேத்கர் பிறந்தநாளில் மாலை, ரம்ஜானுக்கு வாழ்த்து அட்டை, ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி. இரண்டாம் படியில் ஒரு பாடம் கூடுதலாகச் சேரும். மொத்தச் சட்டகம் அப்படியே இருக்கும். பெண்கள் பற்றி ஒரு பெட்டிச் செய்தி, பழங்குடியினர் பற்றி ஒரு பத்தி. மூன்றாம் படியில் சட்டகமே மாறும்: அதே நிகழ்வை வேறு வேறு ஆட்களின் இடத்திலிருந்து பார்க்கச் சொல்வது. கொலம்பஸ் அமெரிக்காவைக் ‘கண்டுபிடித்தார்’ என்ற வாக்கியத்தைக் கரையில் நின்றவன் எப்படி எழுதுவான்? நான்காம் படியில், தெரிந்துகொண்டதை வைத்துப் பிள்ளைகள் தங்கள் பள்ளியில், தெருவில் ஏதாவது முடிவெடுத்துச் செய்வது.

நம் அரசுப் பள்ளிகள் இரண்டாம் படியில் நிற்கின்றன. கட்டணம் வாங்கும் ‘இன்டர்நேஷனல்’ பள்ளிகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நிற்கின்றன, ஆனால் குளிர்சாதன வசதியோடு. ஒரு நாள் ஜப்பான் நாள், ஒரு நாள் மெக்சிகோ நாள். கிமோனோ மாட்டிக்கொண்ட பிள்ளையைத் தினமும் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுநர் எந்த ஊர்க்காரர் என்று அந்தப் பள்ளியில் யாரும் கேட்பதில்லை.

4

இனி ‘உலகம்’ என்ற சொல்லுக்கு வருவோம். 2018இல் பிசா என்கிற பன்னாட்டுத் தேர்வில் ‘உலகத் திறன்’ என்பதையும் சேர்த்து அளந்தார்கள். நடத்துவது ஓ.இ.சி.டி., பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு. மற்றமையைப் புரிந்துகொள்வது இங்கே ஒரு வேலைத் தகுதியாகிறது. பல நாட்டு ஊழியர்களோடு பழகத் தெரிந்த ஆளைத் தயாரிப்பது. இதே பிசாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலமும் கலந்துகொண்டு கடைசி இடங்களுக்கு வந்தன. உலகப் பார்வை என்பதில் நாம் உலகத்தைப் பார்ப்பதைவிட உலகம் நம்மை அளப்பதுதான் அதிகமாக நடக்கிறது.

சுவரில் தொங்கும் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காக வரைந்த முறை அது. திசை பார்த்துக் கப்பல் ஓட்ட வசதி. ஆனால் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போலப் பதினான்கு மடங்கு பெரியது. அந்த ஆப்பிரிக்காவைத்தான் நம் பல தலைமுறைகள் ‘இருண்ட கண்டம்’ என்று படித்தன. அந்தப் பெயர் பரவியதில் ஸ்டான்லி 1878இல் எழுதிய பயண நூலின் தலைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. யாருக்கு இருட்டு? அங்கே குடியிருந்தவனுக்கு அது வெளிச்சமாகத்தானே இருந்தது? பூமியின் பரப்பளவைச் சரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றை இதன் பக்கத்தில் மாட்டி, இரண்டும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று கேட்டால் போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகாரமும் அறிவும் பற்றிய முதல் பாடம் முடிந்துவிடும். ஃபூக்கோ பெயரை உச்சரிக்க வேண்டிய தேவையே இல்லை.

1968இல் நைரோபியில் கூகி வா தியாங்கோவும் அவருடைய சக ஆசிரியர்கள் இருவரும் ஆங்கிலத் துறையை ஒழிக்கக் கோரி ஒரு குறிப்பு எழுதினார்கள். ஷேக்ஸ்பியரை எரிக்கச் சொன்னதாக அதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது மையத்தை மாற்றும்படி: கென்யாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் நடுவில் இருக்கட்டும், மற்ற ஆப்பிரிக்கா, கரீபியன், ஆசியா, ஐரோப்பா என்று அங்கிருந்து வட்டம் விரியட்டும். பார்ப்பவன் நிற்கும் இடம் என்று ஒன்று இல்லாமல் உலகப் பார்வை கிடையாது. இலண்டனிலிருந்து பார்த்ததையே இவ்வளவு நாளும் உலகம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

5

நம் வகுப்பறையிலிருந்து வட்டத்தை விரிப்பது எப்படி? மிளகாயை எடுத்துக்கொள்வோம். மதிய உணவுச் சாம்பாரில் கிடக்கிறது, பிள்ளை அதை ஓரமாகப் பொறுக்கி வைக்கிறது. அது இங்கே எப்படி வந்தது?

இந்த ஊருக் காரம் மிளகு. அதைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் 1492இல் வழி மாறி அமெரிக்கத் தீவுகளில் இறங்கினான். அங்கே வேறொரு காரம் இருந்தது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கே வந்து சேர்ந்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அந்த அமெரிக்கக் காரத்தை இங்கே கொண்டுவந்தார்கள். நம்ம ஆட்கள் மிளகு மாதிரிக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிளகைப் போலக் கொடியும் மலையும் தேவையில்லை. வறண்ட நிலத்திலும் விளையும், ஏழைக்கும் கட்டுப்படியாகும். இன்றைக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, 2023இல் கிடைத்தது. திவசச் சமையலில் இன்னும் மிளகாய் சேர்க்காத வீடுகள் உண்டு, மிளகுதான். அந்தச் சடங்குக்கு நானூறு வருசத்துக்கு முந்தைய சமையல் ஞாபகம் இருக்கிறது.

பறங்கிக்காய் என்ற பெயரிலேயே பறங்கியன் இருக்கிறான். பிள்ளை உட்கார்ந்திருக்கும் அறையில் ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள். தூய பண்பாடு என்று ஒன்று உண்டு என்று கோஷம் போடுகிறவர்களுக்கு அந்த ஜன்னலே பதில் சொல்லும்.

இத்தோடு நிறுத்தினால் இது ருசியான முதல் படிப் பாடமாகவே முடிந்துவிடும். அடுத்த கேள்வி அவசியம்: இந்தப் போக்குவரத்தில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது? மிளகாயும் தக்காளியும் உருளையும் மக்காச்சோளமும் உலகத்துக்குக் கொடுத்த அமெரிக்கப் பூர்வகுடிகள் ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மையிலும் கட்டாய உழைப்பிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அந்த உழைப்பின் இடத்தை நிரப்ப ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியில் கொண்டுபோனார்கள். ஒரு மிளகாய்க்குள் மூன்று கண்டம் இருக்கிறது. பூகோளம், வரலாறு, தமிழ் என்று பிரித்துவைத்த மூன்று பாடவேளையும் இருக்கிறது.

6

அதே கேள்வியைத் தேயிலைக்குப் போடலாம். இலங்கையில் 1870களில் காப்பிச் செடியை நோய் தாக்கியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கங்காணிகள் மூலமாகப் போன கூலிகள் சென்னை மாகாணத்துத் தமிழர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ‘ட்ரூரோ’ கப்பல் போனதும் இதே உலகமயத்தின் பகுதி. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் பலரை நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்கள் பெயர் ‘சிலோன்காரங்க’. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஏழாம் வகுப்பில் அவர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். திருப்பூரில் ஒடிசா, பிகார்க் குடும்பங்களின் பிள்ளைகள். ஈழ அகதிகள் முகாமையொட்டிய பள்ளிகளில் முகாமிலேயே பிறந்த பிள்ளைகள். உலகம் வகுப்பறைக்குள் நடந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. நாம் அதை முன்பக்கக் கரும்பலகையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நல்லெண்ணம் உள்ள ஆசிரியர், “எழுந்திரு, உங்க ஊர்ல என்ன சாப்பிடுவீங்க, சொல்லு” என்று அந்த ஒடிசாப் பிள்ளையை எழுப்பி நிறுத்தினால், மறுபடியும் கண்ணாடிப் பெட்டிதான். பார்க்கப்படுகிறவன் எப்போதும் அவனாகவே இருக்கிறான். பார்க்கிறவர்கள் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. அதனால் கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். உங்க வீட்டுக்கு இந்த நிலம் எப்படி வந்தது? உங்க தாத்தா காலத்தில் எந்தத் தெருவுக்குள் போகமாட்டார்கள், ஏன்? எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்? தன்னை இயல்பானவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் தனக்கொரு வரலாறு இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை வகுப்பில் உரக்கச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டில் கேட்டு எழுதி வந்தால் போதும்.

7

இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். “சின்னப் புள்ளைங்ககிட்டப் போய் சாதி, அடிமைத்தனம்னு பேசிக்கிட்டு... அதுங்க மனசு கெட்டுடாதா?” என்பது ஒன்று. எந்தச் சின்னப் பிள்ளை? கோரேகானுக்குப் புறப்பட்டுப் போனபோது அம்பேத்கருக்கு வயசு ஒன்பது. அவமானப்படுகிற பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு வரும்போது அது ஏற்கனவே தெரியும். பாடநூல்தான் தெரியாத மாதிரி நடிக்கிறது. காப்பாற்றப்படுவது அவமானப்படுத்துகிற வீட்டுப் பிள்ளையின் நிம்மதி மட்டுமே.

மற்றது நம் தோழர்களிடமிருந்தே வருவது: உலகப் பார்வை என்பதே ஏகாதிபத்தியச் சரக்கு, நமக்கு மண்ணும் மொழியும் போதும். இது வரலாற்றை அறியாத பேச்சு. 1873இல் ஜோதிராவ் பூலே தன் ‘குலாம்கிரி’ நூலை, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். புனேயில் உட்கார்ந்துகொண்டு சூத்திரர், ஆதிசூத்திரர் நிலையைக் கடல் கடந்த அடிமைகளின் நிலையோடு சேர்த்துப் பார்க்க அவரால் முடிந்தது. அயோத்திதாசர் 1898இல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போனார். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவைப் பற்றி விசாரித்தார். 1972இல் பம்பாயில் எழுந்த இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயர் எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகள் ஆனார்கள். ஊருக்குள் நியாயம் கிடைக்காதவர்கள்தான் இங்கே முதலில் உலகத்தைப் பார்த்தார்கள். மண், மரபு, ஊர்ப்பெருமை என்று வேலி போட்டவர்கள் யார் என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு: மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980களில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நூல்களைத் தயாரித்து, சில அரசுப் பள்ளிகளில் நடத்திக் காட்டியது. மனப்பாடம் செய்ய முடியாத, பேசித்தான் படிக்க முடிகிற பாடங்கள். 2002இல் அரசு அதை நிறுத்தியது. தோற்றதால் நின்றது என்று சொல்ல முடியாது; நிறுத்தப்பட்டது.

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு தனக்கென ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. பாடநூல் மறுபடியும் எழுதப்படும்போது எழுத்தாளர்களும் இயக்கத்தவரும் வழக்கம்போல நூல் வந்தபிறகு கண்டன அறிக்கை விட்டுப் பயனில்லை. நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களோடு இப்போதே உட்கார்ந்து, ஒரு பாடம், இரண்டு பாடம் என்று எழுதிப் பார்க்க வேண்டும். பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. இது இங்கே எப்படி வந்தது, இதில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது என்ற கேள்விகளைப் பதினோரு வயசுப் பிள்ளையே கேட்கும். முதல் வேலையாக அந்த ஸ்மித் கேள்வியையே மாற்றி எழுதலாம். இந்தியாவை இனங்களின் அருங்காட்சியகம் என்று அழைத்தவர் யார் என்பதற்குப் பதிலாக: ஏன் அப்படி அழைத்தார், அதில் உன்னை எந்தப் பெட்டியில் வைத்திருப்பார்?